ஈஸ்டர் வாரத்து வளைவு

வாண்டோவுக்கு முழங்கால் இரண்டும் பழுத்த கட்டி போலத் தெறித்தன. விடிந்ததிலிருந்து நிலவறைத் தரையில் மண்டியிட்டு, கல்லிடுக்கில் வழிந்து காய்ந்த காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். துறவிகள் மண்டியிட்டால் அதற்குப் பேர் ஜெபம். கொத்தன் மண்டியிட்டால் அதற்குப் பேர் கிடையாது, மத்தியானம் ஆறிப்போன அவரைக் கஞ்சி மட்டும் உண்டு.

சுவரைப் பிடித்து எழுந்தான். வலது தோள் ஒரு சுவரில் உரசியது. இடது தோள் மறு சுவரில் உரசியது. அவன் ஒன்றும் பருத்த ஆள் இல்லை. எலும்பும் தோலுமாய், மழையில் நனைந்த நாய் மாதிரி இருப்பான். அவனுக்கே இந்தக் கதி.

தலைக்கு மேலே வால்மோர் மடத்துப் புதுக் கோவில் அம்சமாகத்தான் நின்றது. பழைய ரோமர்களின் குளியல் மண்டபம் ஆற்றங்கரையில் இடிந்து கிடந்தது. அங்கிருந்து மாடு கட்டி இழுத்து வந்த பளிங்குத் தூண்களில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. குட்டைத் தூணுக்கு அடியில் வேறொரு தூணின் தலையைக் கவிழ்த்துப் போட்டு உயரத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். ஒரு தலையில் துணியில்லாத பெண்பிள்ளை ஒருத்தி செதுக்கப்பட்டிருந்தாள். அவளையும் தலைகீழாகக் கவிழ்த்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாயிற்று. மேலே எதற்கும் குறையில்லை. தொல்லையெல்லாம் கீழே இருந்தது.

பீடத்துக்கு நேர் கீழே இருந்த நிலவறை புனித லுப்பேரியனின் எலும்புகளுக்காகக் கட்டியது. வடக்குப் படிக்கட்டில் இறங்கி, அரைவட்டமாக வளைந்து போகிற குறுகிய நடையில் நடந்து, நடுவிலுள்ள மாடத்தில் எலும்புப் பேழையைத் தொட்டுக் கும்பிட்டு, தெற்குப் படிக்கட்டில் ஏறிவிடலாம். ஏறுகிற இடத்தில் காணிக்கைப் பெட்டி. அந்த எலும்புகள் வந்த கதையை யாரும் நோண்டுவதில்லை. தெற்கே ஒரு மடத்தில் கிடந்தவை. திருட்டு இல்லையாம். புனிதரே கனவில் வந்து, இந்த ஊர் ஈரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்னை வடக்கே தூக்கிக்கொண்டு போ என்று சொன்னாராம். வடக்கே வந்து பார்த்தால் லுவார் ஆற்றங்கரை. இதைவிட ஈரமான இடம் ராஜ்யத்தில் இல்லை.

வாண்டோ மடத்து அடிமை. அவன் அப்பனும் அதே. வேறு ஊரில் கோவில் கட்டக் கூப்பிட்டால் கூலியை மடம் வாங்கிக்கொள்ளும், அவனுக்குக் கஞ்சி. மனைவி எர்மாவும் இரண்டு மகள்களும் அதே கணக்கில் சேர்த்தி. நிலவறைக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று மடத்துத் தலைவர் ரகனார், எல்லாத் துறவிகளும் கேட்க ஒரு வாக்குக் கொடுத்தார். பேதுருவின் அளவுப்படி நிலவறை நின்று, புனிதர் தன் இடத்தில் அமர்கிற நாளில், இவனும் இவன் பெண்டு பிள்ளைகளும் பீடத்தின் முன் விடுதலை. அதிலிருந்து ஆறு வருஷமாக வாண்டோ வாயை மூடிக்கொண்டு கல் அடுக்கினான். அவன் வாய்க்கு ஆறு வருஷம் மூடிக் கிடப்பது பெரிய காரியம்.

ஒரே ஒரு தடவைதான் திறந்தான். அது கயிற்றின் விஷயம்.

ரோமாபுரியில் பேதுருவின் கல்லறைக்கு அடியிலும் இப்படி ஒரு வளைந்த நடை உண்டு. அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று ரகனாருக்கு ஆசை வந்துவிட்டது. அளந்து வர லியூபின் என்ற துறவியை அனுப்பினார். லியூபின் இரண்டு வருஷம் கழித்து ஒற்றைச் செருப்போடும் ஒரு சணல் கயிற்றோடும் திரும்பினார். கயிற்றில் முடிச்சுகள் இருந்தன. நடையின் அகலம் ஒரு முடிச்சு, உயரம் ஒரு முடிச்சு, மாடத்தின் ஆழம் ஒரு முடிச்சு. அளவெடுத்ததோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். மனிதர் அந்தக் கயிற்றை மூன்று நாள் அப்போஸ்தலரின் கல்லறைமேல் கிடத்திவிட்டார். கயிறு புனிதப் பொருளாகிவிட்டது. அதற்கு வெள்ளிப் பெட்டி செய்தார்கள். வேலை நாளில் காலையில் பெட்டியைத் திறந்து, கயிற்றை மந்திரித்த தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி, வேதத்துச் சங்கீதம் பாடி முடித்து, சொட்டச் சொட்ட எடுத்து வந்து வாண்டோவிடம் நீட்டுவார் லியூபின். அதை இழுத்துப் பிடித்துத்தான் சுவருக்குச் சுவர் அளக்கவேண்டும்.

அப்போதுதான் வாண்டோ வாயைத் திறந்தான்.

"சாமி, நனைஞ்ச சணல் சுருங்கும். சாரம் கட்டும்போது முடிச்சு இறுகட்டும்னு நாங்களே தண்ணி ஊத்துவோம். இதக் காயவச்சு அளந்தாத்தான் சரியா வரும்."

"இது உன் வாளிக் கயிறுன்னு நெனச்சியா?" என்றார் லியூபின். "அப்போஸ்தலரத் தொட்ட கயிறு. இது சுருங்குறதும் நீளுறதும் பரலோகத்துக் காரியம்."

"பரலோகத்துல சணல் வேறயா சாமி?"

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஐந்து கசையடி கிடைத்தது. அதற்கப்புறம் கயிறு காட்டிய அளவுக்கே சுவர் எழும்பியது. சாதாரண நாட்களில் ஒரு சங்கீதம் என்பதால் கயிறு கொஞ்சம்தான் ஊறும், மூன்று விரல்கடை சுருங்கும். திருநாள் என்றால் சங்கீதமும் நீளம், ஊறலும் நீளம். மாடத்துக்குச் சற்று முன்னால் வருகிற வளைவை ஈஸ்டர் வாரத்தில் கட்டினார்கள். அந்த வாரம் முழுக்க லியூபின் தொண்டை கட்டும்வரை பாடினார். ஒன்றரை முழம், முப்பத்தாறு விரல்கடை, இருக்கவேண்டிய நடை அந்த இடத்தில் ஆறு விரல்கடை குறைந்துபோனது. வெளியே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. நடப்பவனுக்குத் தெரியும். அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தே எது வெறும் செவ்வாய், எது திருநாள் என்று வாண்டோவால் சொல்லமுடியும்.

ஆனாலும் அவன் பயப்படவில்லை. கோவிலை அர்ச்சித்து வழிபாட்டுக்குத் திறக்க ஆயர் வருவார், அவரே பேழையைத் தூக்கி வந்து தன் கையால் மாடத்தில் வைத்துக் காரை பூசி மூடவேண்டும், அதுதான் முறை. பழைய ஆயர் குச்சி மாதிரி இருப்பார். எலி வளையிலும் போய் வருவார். அந்தப் புண்ணியவான் மார்கழிக் குளிரில் செத்துப்போனார்.

புது ஆயர் ஹாதுமர் அர்ச்சிப்புக்கு முந்தின நாள் காலையில் வந்து சேர்ந்தார். வாண்டோ அப்போது மடத்து வாசலில் படிக்கல் பதித்துக்கொண்டிருந்தான். ஆயருக்கு இரண்டு கோவேறு கழுதைகள். ஒன்று மூச்சு வாங்கினால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வதற்காம். கீழே இறங்கியவர் வாசல் தூண்களுக்கு நடுவில் ஒரு கணம் நின்று பெருமூச்சு விட்டார். தூணுக்கும் தூணுக்கும் இடையில் எவ்வளவு என்று வாண்டோவுக்குத் தெரியும், கட்டியவன் அவன்தானே. ஆயரின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தான்.

"மச்சான், பாத்தியா அந்த ஆள?" என்றான் எப்ரோ. எர்மாவின் அண்ணன், சுண்ணாம்பு குழைக்கிறவன். "சேனையில குதிரவீரனா இருந்தவராம். குதிர செத்துப்போச்சாம், அதான் ஆயராக்கிட்டாங்க."

"முப்பத்திமூணு விரல்கடை இருப்பாரு. அங்கி இல்லாம."

"வளைவுல எவ்வளவு?"

"முப்பது."

எப்ரோ சிரிக்க ஆரம்பித்தான். வாண்டோவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

இருவரும் கம்பளிக் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி வந்து, ஆயர் அளவுக்குத் திணித்துக் கட்டி, நிலவறைக்குள் கொண்டுபோனார்கள். எர்மா விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எப்ரோ மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். நேர் நடையில் மூட்டை முனகிக்கொண்டே வந்தது. ஈஸ்டர் வாரத்து வளைவில் அப்படியே நின்றுவிட்டது. எப்ரோ முட்டினான். மூட்டையும் போகவில்லை, அவனும் போகவில்லை.

"ஆண்டவரே, வயித்த எக்குங்க," என்றாள் எர்மா மூட்டையைப் பார்த்து.

"நீ சிரிக்கிற," என்றான் வாண்டோ. "நாளைக்கு இவரு இங்க நின்னுட்டா புனிதரு உள்ள போகமாட்டாரு. புனிதரு போகலேன்னா நாம எங்கயும் போகமாட்டோம்."

எர்மாவின் சிரிப்பு நின்றது. "அப்பச் செதுக்கு. வெள்ளக் கல்லு, வெண்ணெ மாதிரி வெட்டும். ஒரு மத்தியானத்து வேல."

"ஒவ்வொரு வரிசையும் கயித்தப் பிடிச்சு ஜெபம் பண்ணி வச்சது. பெரிய சாமியக் கேக்காம தொட்டா என்னத் தோலுரிச்சு அதே கயித்துல தொங்கவிடுவாரு."

"போய்க் கேளு. கேட்டா அஞ்சு அடி. கேக்கலேன்னா ஆயுசு முழுக்க அடி."

பெரிய சாமி ரகனார் சமையலறை வாசலில் விலாங்கு மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். வாண்டோ தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். வளைவு இறுக்கம், ஆயர் அகலம், இரண்டு பக்கமும் மூன்று மூன்று விரல்கடை செதுக்க உத்தரவு வேண்டும்.

"அந்தச் செவுரு யாரோட அளவு?" என்றார் ரகனார்.

"பேதுருவோட அளவு சாமி."

"பேதுரு தப்பா அளந்துட்டாருன்னு சொல்றியா?"

"இல்ல சாமி. கயிறு நனைஞ்சு..."

"அப்ப மந்திரிச்ச தண்ணி பொய் சொல்லுதுன்னு சொல்ற."

ஒரு விலாங்கு கூடையிலிருந்து நழுவித் தரையில் நெளிந்தது. ரகனார் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் என்ன வாக்குக் குடுத்தேன்? பேதுருவின் அளவுப்படி நிலவறை நின்னு, புனிதர் அமர்ந்தா விடுதல. நீ செதுக்கினா அது பேதுருவின் அளவு இல்ல. வாக்கும் இல்ல. போய் வேலையப் பாரு."

வெளியே வந்த வாண்டோவுக்கு அந்த மிதிபட்ட விலாங்கின் நினைப்பாகவே இருந்தது. செதுக்கினால் வாக்குப் போயிற்று. செதுக்காவிட்டால் ஆயர் நுழையமாட்டார், அப்போதும் வாக்குப் போயிற்று. ஆறு வருஷம் அடுக்கிய கல் முழுக்க ரகனாரின் காலடிக்குப் போட்ட மாதிரி ஆனது.

மறுநாள் அர்ச்சிப்பு. பக்கத்துப் பண்ணைகளிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. ஆயர் கோவிலை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் வாசலில் நின்று கோலால் கதவை இடித்தார். மூன்றாம் சுற்றில் கோல் ஊன்றுகோலாகிவிட்டது. பிறகு தரையில் சாம்பல் தூவி எழுத்து எழுதினார், சுவருக்கெல்லாம் தண்ணீர் தெளித்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசியில் பேழையை மார்போடு அணைத்துக்கொண்டு வடக்குப் படிக்கட்டில் இறங்கினார். முன்னால் விளக்கோடு லியூபின். திருநாள் என்பதால் கயிற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருந்தார். நிலவறை முடிந்து எட்டு மாதமாக அதை யாரும் தண்ணீரில் முக்கவில்லை. ஆயருக்குப் பின்னால் இரண்டு உதவிக் குருக்கள், அவர்களுக்குப் பின்னால் ரகனார்.

வாண்டோ தெற்குப் படிக்கட்டின் தலைமாட்டில் குழைத்த காரையோடு காத்திருந்தான். மேலே பாட்டுக்குழு பாடிக்கொண்டிருந்தது. புனிதர் அமர்ந்ததும் பாட்டை மாற்றவேண்டும். அவர்கள் மாற்றவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் முறை ஆரம்பித்தபோது ஜனங்களுக்குள் யாரோ இருமினார்கள். நான்காம் முறை பாடும்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது மனுஷன் இருக்கீங்களா அந்தப் பக்கம்?"

வாண்டோ உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மாடத்துக்கு நாலு எட்டு முன்னால், ஈஸ்டர் வாரத்து வளைவில், ஆயர் புட்டியில் அடைத்த மூடி மாதிரி நின்றார். முகம் பீட்ரூட் நிறம். பேழையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். லியூபின் அவருக்கு இந்தப் பக்கம், விளக்கோடு, அழுகிற முகத்தோடு நின்றார்.

"நீ யாரு?" என்றார் ஆயர்.

"இதக் கட்டின கொத்தன் ஆண்டவரே."

"உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எலிக்குக் கட்டினியா, எனக்குக் கட்டினியா?"

"கயிறு சொன்னபடி கட்டினேன்."

"கயித்துக்குக் கண்ணு இல்ல. உனக்குமா இல்ல?"

"கண்ணு இருந்துச்சு ஆண்டவரே. அதுக்கு அஞ்சு அடி குடுத்தாங்க."

ஆயருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு இன்னும் இறுகி, வலியில் முகத்தைச் சுளித்தார். "பேழைய வாங்கு. கை ஒடியுது."

"நான் தொடலாமா?"

"என் கை விட்டா புனிதரு உன் தலையில விழுவாரு. எது தேவல?"

வாண்டோ பேழையை வாங்கித் தரையில் வைத்தான். கனமே இல்லை. ஒரு கோழியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதற்காகவா ஆறு வருஷம் என்று தோன்றியது. பிறகு அவனும் லியூபினும் சேர்ந்து ஆயரின் மேலங்கியை உருவினார்கள், அதற்குள்ளிருந்த அங்கியை உருவினார்கள், அதற்கும் உள்ளே ஆட்டுத்தோல் சட்டை ஒன்று இருந்தது.

"கோவில் குளிருதேன்னு போட்டேன்," என்றார் ஆயர்.

அதையும் உருவினார்கள். வெறும் உள்ளாடையோடு ஆயர் மூச்சை வெளியே விட்டார். பின்னாலிருந்து உதவிக் குருக்கள் தள்ளினார்கள். ஒரு விரல்கடை நகர்ந்து, முன்னைவிட நன்றாக இறுகிக்கொண்டார்.

"என்ன நடக்குது அங்க?" ஆயரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ரகனாரின் குரல் வந்தது. அவரால் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. நடை முழுக்க ஆயர் இருந்தார்.

"கொத்தன் செவுத்தச் செதுக்கப் போறான்," என்றார் ஆயர், தலையைத் திருப்பாமல்.

"செதுக்கக் கூடாது. அது பேதுருவின் அளவு."

"நீரு வந்து இங்க நில்லும், நான் போய்ப் பேதுருகிட்டக் கேட்டுட்டு வர்றேன்." பிறகு வாண்டோவிடம், "அடிப்பா" என்றார்.

வாண்டோ உளியைச் சுவரில் வைத்தான். அடிக்கவில்லை.

"ஏன் நிக்கிற?"

"நான் அடிச்சா அளவு மாறிடும். அளவு மாறினா எனக்கும் என் பெண்டு பிள்ளைங்களுக்கும் விடுதல இல்லேன்னு பெரிய சாமி நேத்துச் சொல்லிட்டாரு. உங்கள வெளிய எடுத்துட்டு நான் உள்ளயே கிடக்கணும்."

ஆயர் அவனை உற்றுப் பார்த்தார். உள்ளாடையில் நின்றாலும் பார்வை குதிரைவீரனின் பார்வையாகவே இருந்தது. அப்புறம் லியூபினைப் பார்த்தார்.

"உம்ம கழுத்துல கிடக்குறதுதான் அந்த அளவா?"

"ஆமாம் ஆண்டவரே."

"அளந்து காட்டும்."

லியூபின் கயிற்றைக் கழற்றினார். அகல முடிச்சை ஒரு சுவரில் வைத்து, ஆயரின் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே இழுத்து, மறு முனையை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். கயிறு தொங்கியது. மறுபடி இழுத்துப் பிடித்தார். சுவர் முடிந்த பிறகும் கயிற்றில் ஆறு விரல்கடை மிச்சம் இருந்தது.

அந்தக் கயிற்றை எத்தனை நாள் அதே சுவரில் வைத்து அளந்திருப்பார் லியூபின். ஒரு நாளும் மிஞ்சியதில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்டியிட்டார்.

"வளந்திருக்கு," என்றார். பிறகு நிலவறையே அதிரக் கத்தினார். "பெரிய சாமி, கயிறு வளந்திருக்கு. புனிதரு ஆயருக்காகக் கயித்த வளத்திருக்காரு."

நடையின் அந்தப் பக்கம் ரகனார் யோசிப்பது வாண்டோவுக்குக் காதில் விழுகிற மாதிரி இருந்தது. கயிறு சுருங்கித்தான் சுவர் குறுகியது என்றால் ஆறு வருஷமும் மடம் முட்டாள். கயிறு இன்றைக்கு வளர்ந்தது என்றால் மடத்துக்கு ஒரு அற்புதம் கிடைத்தது, தெற்குப் படிக்கட்டுக் காணிக்கைப் பெட்டியோடு இன்னொரு பெட்டி வேண்டியிருக்கும்.

"எவ்வளவு வளந்திருக்கு?" என்றது குரல்.

"ஆறு விரல்கடை சாமி."

"அப்ப பேதுருவின் அளவு இப்ப அதுதான். கொத்தா, ஆறு விரல்கடை செதுக்கு. ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

வாண்டோ அடித்தான். எங்கள் பக்கத்து வெள்ளைக் கல், ஈரம் குடித்த கல், உளிக்குச் சீவல் சீவலாக வந்தது. ஆயரின் இடுப்புக்கும் உளிக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல்தான் இடைவெளி. ஆயர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். ஜெபமா வசவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளைத் தூள் அவர் வயிற்றில் மாவு மாதிரி படிந்தது. மேலே பாட்டுக்குழு பதினோராவது முறையாக அதே பாட்டை ஆரம்பித்தது, நடுவில் ஒருவனுக்குக் குரல் உடைந்து கீச்சென்றது. வலது பக்கம் முடித்து இடது பக்கம் ஆரம்பிக்கும்போதே ஆயர் தளர்ந்தார். நாலாவது வரிசையில் பொதக்கென்று வெளியே வந்து லியூபின் மேல் சாய்ந்தார்.

மறுபடி அங்கிகளை மாட்டிக்கொண்டு, பேழையைத் தன் கையால் மாடத்தில் வைத்தார். மந்திரித்த தண்ணீர் ஊற்றித் தானே காரை குழைத்தார். அது காரை இல்லை, கூழ். கல்லில் நிற்காமல் வழிந்தது. அவர் முதுகைத் திருப்பியதும் வாண்டோ அதை வழித்தெடுத்துவிட்டுத் தன் காரையைப் பூசினான்.

மேலே வந்தபோது ரகனார் ஆளே மாறியிருந்தார். பீடத்தின் முன்னால் நின்று, அற்புதத்தை ஜனங்களுக்கு அறிவித்தார். கூட்டம் அலைமோதியது. ஒரு கிழவன் லியூபினின் கழுத்துக் கயிற்றை முத்தமிடப் போய் அவரைக் கீழே தள்ளினான். எழுத்தர் தோலேடு விரித்து உட்கார்ந்தார். சாட்சிகள் வேண்டும். லியூபின் சாட்சி. உதவிக் குருக்கள் ஆயருக்குப் பின்னால் நின்றதால் எதையும் பார்க்கவில்லை. அற்புதமே ஆயருக்காக நடந்ததால் அவர் சாட்சி ஆகாது.

"கொத்தன் வேணும்," என்றார் ரகனார். "தொழில் தெரிஞ்சவன் சொன்னாத்தான் ஜனம் நம்பும். அளவு கொறஞ்சிருந்துச்சு, இன்னைக்கு வளந்துச்சுன்னு அவன் சொல்லணும்."

ஆயர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டிருந்தார். "அடிம சாட்சி செல்லாதே," என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

இந்த ராஜ்யத்தில் அடிமையின் வாய்க்குப் பத்திரத்தில் இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரகனார் வாண்டோவைக் கூப்பிட்டார். எர்மாவையும் பிள்ளைகளையும் கூப்பிட்டார். பீடத்தைச் சுற்றி நால்வரையும் நடத்திவந்து, இவர்கள் இன்றுமுதல் யாருக்கும் அடிமை இல்லை என்று சத்தமாகச் சொன்னார். சொன்னது மட்டும்தான். எழுத்தரின் இறகு இன்னும் காற்றில் நின்றது. அதில் மை இருந்தது, ஏட்டில் இல்லை.

"இப்பச் சொல்லு," என்றார் ரகனார். "கயிறு வளந்துச்சா?"

வாண்டோ பீடத்தின்மேல் கையை வைத்தான். கூட்டத்தில் எப்ரோ நின்றான், கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டு. ஆயர் கிண்ணத்தின் விளிம்பு வழியாகப் பார்த்தார். லியூபின் பரிசுத்தமாக, எதையும் சந்தேகிக்காத முகத்தோடு நின்றார். சணல் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். அதைச் சொன்னதற்குத்தான் முதுகில் ஐந்து தழும்பு. சொல்லி அடி வாங்கியாயிற்று, இனி சொல்லாமல் வாங்கவேண்டியதை வாங்கலாம்.

"வளந்துச்சு சாமி," என்றான். "என் கண்ணால பாத்தேன்."

இறகு இறங்கியது. எழுத்தர் எழுதி முடித்து உரக்கப் படித்தார். விடுதலை, பெயர்கள், தேதி. கடைசியில் இன்னொரு வரி இருந்தது. தன் அற்புதத்தால் இந்தக் குடும்பத்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் புனித லுப்பேரியன் என்பதால், வாண்டோவும் அவன் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் வருஷா வருஷம் அவர் திருநாளில் இரண்டு ராத்தல் தேன்மெழுகு பீடத்தில் வைக்கவேண்டும்.

"இது எப்ப நுழஞ்சுச்சு?" என்றாள் எர்மா.

"எல்லாப் பத்திரத்துலயும் இருக்குறதுதாம்மா," என்றார் எழுத்தர். "வழக்கம்."

"சாமி, நாங்க ஒரு தேனீகூட வளக்கல."

"புனிதரு கயித்தையே வளத்தாரு," என்றார் ரகனார். "தேனீய வளக்கமாட்டாரா?"

ஆயருக்கு ஒயின் புரையேறியது.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் எர்மா ஆரம்பித்தாள்.

"ரெண்டு ராத்தல் மெழுகு. உளறாம உண்மையச் சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா வரியே இருக்காது. பத்திரமும் இருக்காது."

"பொய்யும் சொல்லி, அதுக்கு வாடகையும் கட்டணும்."

"வாய்க்கு வேல வந்துருச்சுல்ல மச்சான்," என்றான் எப்ரோ பின்னாலிருந்து. "முதல் நாளே நல்ல சாட்சி."

வாண்டோ அந்தக் கோடையிலேயே ஆற்றுக்கு மேற்கே வேறொரு கோவில் வேலைக்குப் போனான். கூலியை முதல்தடவையாகத் தன் கையில் வாங்கினான். எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினான். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருந்தது, விடுதலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொல்லையில் எர்மா வைக்கோல் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள், தேனீ வருமென்று. குளவி வந்தது. வால்மோரில் கயிற்றைக் கும்பிட வருகிற கூட்டம் வடக்கு வாசலில் நுழைந்து தெற்கு வாசலில் வெளியேறிக்கொண்டிருக்கிறது, வளைவில் யாரும் நிற்பதில்லை, அங்கே நடை சரியாக ஒன்றரை முழம்.

புனிதரின் திருநாள் வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் வருஷத்து மெழுகு, இரண்டு ராத்தல், வாண்டோ இன்னும் கொடுக்கவில்லை.